நாற்காலியில் உட்கார்ந்து பாடினால் என்ன?

ரோலிங் ஸ்டோன்ஸோ பால் மெக்கார்ட்னியோ அடுத்த சுற்றுப்பயணத்தை அறிவித்தால் போதும், யாராவது ஒரு விமர்சகர் அந்தப் பழைய பல்லவியை எடுத்துவிடுவார்: ராக் இளைஞர்களின் இசை; வயதானவர்கள் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர்கள் முதலில் கூண்டில் ஏற்றும் சாட்சி, தி ஹூ குழுவின் 'மை ஜெனரேஷன்'. முதுமையை ஏளனம் செய்தவர்களே முதியவர்களாகி மேடையேறலாமா என்று கேட்பார்கள். 1965இல் அந்தப் பாட்டு வெளிவந்தபோது அதை எழுதிய பீட் டவுன்ஷெண்டுக்கு வயது 20. அந்த வயதில் உளறியதையெல்லாம் பத்திரப்பதிவு செய்துவைத்தால் யார்தான் தப்புவது? டவுன்ஷெண்ட் 2025இல், 80 வயதில், கிட்டாரோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார்.

இளைஞர்களின் இசை என்பதும் பாதிக் கதைதான். ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள். அதே ப்ளூஸ் மரபில் வந்த பி.பி. கிங், 2014இல் 89 வயதிலும் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். அந்த நாற்காலியைக் கண்டு முகம் சுளித்த கட்டுரை எதையும் நான் படித்ததில்லை. 2021இல் ஜெனிஸிஸின் ஃபில் காலின்ஸ் உட்கார்ந்து பாடியது மட்டும் 'ஐயோ பாவம்' ஆகிவிட்டது.

டிக்கெட் விலை அநியாயம் என்பார்கள். அநியாயம்தான். அதற்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பு ஒத்துழைக்காதாம். ஸ்டோன்ஸின் மிக் ஜாகர் 2019 ஏப்ரலில் இதய வால்வு மாற்றிக்கொண்டார். ஜூனில் சிகாகோ மேடையில் ஆடிக்கொண்டிருந்தார். முடியாதவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளை அடிபட்டுத் தேறாமல் போனதும், அவருடைய ஏரோஸ்மித் குழு 2024இல் சுற்றுப்பயணத்துக்கே முழுக்குப் போட்டது.

இவர்களுடைய பிரம்மாஸ்திரம் குரல். மெக்கார்ட்னியின் குரல் தேய்ந்துவிட்டது, இன்னார் கட்டை இறக்கிப் பாடுகிறார். ஆமாம், தேயும். வயதானால் குரல்நாண்களின் தசை மெலியும், நெகிழ்வு குறையும், உச்சஸ்தாயி கைவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு விமர்சகர் எதற்கு? இறங்கிய குரலில் பாட்டு என்ன ஆகிறது என்று கேட்டுச் சொல்வதல்லவா அவர் வேலை?

ஜோனி மிட்செலின் 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வெளிவந்த பதிவில் பளிங்குக் குரல், ஒரு கிட்டார். மேகம், காதல், வாழ்க்கை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பார்த்து முடித்ததாக இருபத்தைந்து வயதுப் பெண் பாடுகிறார். அழகுதான், ஆனால் அப்படி என்னத்தைப் பார்த்துவிட்டார்? 2000இல் அதையே, சிகரெட் புகையில் கரகரத்துப்போன குரலில், பெரிய வாத்தியக் குழுவோடு மறுபடி பாடினார். 2015இல் மூளையில் ரத்தக்குழாய் வீங்கிப் படுத்த படுக்கையானார். எழுந்தபின் நடக்கப் பழக வேண்டியிருந்தது. கிட்டாரில் விரலை எங்கே வைப்பது என்பதைத் தன்னுடைய பழைய காணொளிகளைப் பார்த்தே கற்றுக்கொண்டார். 2022 ஜூலையில் நியூபோர்ட் விழாவில், 78 வயதில், பெரிய நாற்காலியொன்றில் அமர்ந்து அந்தப் பாட்டைப் பாடினார். பக்கத்தில் பாடகி பிராண்டி கார்லைல். குரல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் அவசரமில்லாமல் வைத்தார். பின்னால் இருந்த பாடகி வைனோனா ஜட் அழுவதைக் காணொளியில் இன்றும் பார்க்கலாம். மேகத்தை இப்போது உண்மையாகவே இரண்டு பக்கமும் பார்த்தவர் பாடுகிறார். இருபத்தைந்து வயதின் எந்த உச்சஸ்தாயி இதைச் செய்திருக்கும்?

பார்க்கின்சன் நோயோடு ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் அரியணையில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாளில் இறந்தும்போனார். ஒதுங்கச் சொல்லும் வேலை விமர்சகர்களுக்கு மிச்சம்.

வயதே தெரியக் கூடாது என்பவர்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. கிஸ் குழு 2023 டிசம்பர் 2 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் விடைபெற்ற கையோடு, தங்களுடைய டிஜிட்டல் உருவங்களைத் திரையில் இறக்கிவிட்டது. அவற்றுக்கு மூச்சு வாங்காது, முட்டி வலிக்காது, சுருதி இறங்காது. தாராளமாகப் போய்ப் பார்க்கட்டும். டிக்கெட் மலிவாக இருக்கும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.