சரியாயிடும்னு மட்டும் சொல்லாதீங்க

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல மக்களே. காரணம் சோம்பேறித்தனம் இல்லை (வழக்கமா அதுதான்). இடது கண்.

பிப்ரவரியில ரெண்டு நாளா கண்ணை உருட்டினா உள்ளுக்குள்ள வலி. தீசிஸ் எழுதறேன் பேர்வழின்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லேப்டாப்பைப் பார்த்தா வலிக்காதான்னு விட்டுட்டேன். மூணாம் நாள் காலையில முகம் கழுவும்போது வலது கண்ணுல சோப்பு பட்டு மூடினேன். கண்ணாடியில என் முகத்தோட நடுப்பகுதியைக் காணோம். காது இருக்கு, முடி இருக்கு, நடுவுல சாம்பல் கலர்ல ஒரு புகை. வலது கண்ணைத் திறந்தா எல்லாம் இருக்கு! எப்பத்திலிருந்து அப்படின்னு தெரியல. ஒரு கண்ணோட குறையை இன்னொரு கண் அவ்வளவு நல்லா மறைச்சிடுது.

ஜெர்மனியில முதுகலைப் படிப்போட கடைசி செமஸ்டர். ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணுக்கும் மாத்தி மாத்தி டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. ஒரு சிவப்பு மூடியைக் காட்டினாங்க. வலது கண்ணுக்கு அது குங்குமம், இடது கண்ணுக்கு வெளுத்துப்போன செங்கல். 'ஆப்டிக் நியூரைட்டிஸ்' என்றார் டாக்டர். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வீக்கம். ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை மாதிரி அந்த நரம்புக்கும் மயலின்னு ஒரு உறை உண்டு. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம அதை அரிச்சிடுது.

மூணு நாள், தினம் ஒரு கிராம் ஸ்டீராய்டு, டிரிப்ஸ்ல. அப்புறம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 'எப்போ சரியாகும்?'னு கேட்டேன். டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: 'அப்வார்ட்டன்'. பொறுத்திருந்து பார்ப்போம்.

கோபம்தான் வந்தது. இவ்வளவு மெஷின் வச்சிருக்கீங்க, இதைச் சொல்லவான்னு. அப்புறம்தான் படிச்சேன். அமெரிக்காவில் 1988-ல் தொடங்கி 457 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கு. 1992-ல் முடிவு வந்தது. நரம்பு வழியா ஏற்றும் ஸ்டீராய்டு பார்வையைச் சீக்கிரம் திரும்பக் கொண்டு வருது. ஆனா ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, மருந்தே எடுக்காதவங்களுக்கும் இவங்களுக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த அளவில் வெறும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு இது திரும்ப வந்ததுதான் அதிகம். ஒரு வருஷத்துல பெரும்பாலானவங்களுக்கு எழுத்துப் படிக்கிற பார்வை வந்துடுது. நிறமும் வெளிச்சமும் பழையபடி வருமான்னா, எல்லாருக்கும் வர்றதில்லை. அதாவது டாக்டர் மழுப்பல. தெரிஞ்சதைத்தான் சொன்னார்.

என்னைச் சுத்தி இருந்தவங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்களா இருந்தாங்க. அப்பா: 'ஒண்ணும் இருக்காதுடா, சரியாயிடும்.' மாமா: 'பொன்னாங்கண்ணி சாப்பிடு, ஒரே மாசம்.' கூடப் படிச்ச ஒருத்தன் நெட்டில் பார்த்துட்டு, 'மச்சி, இது எம்.எஸ். ஆயிடும்டா'ன்னான். ஒரு அலுவலகத்தில் தீசிஸுக்கு அவகாசம் கேட்டா, படிவத்தில் ஒரு கட்டம்: 'எந்தத் தேதி வரை?' டாக்டர் ஆறு வாரம்னு ஒரு தேதி போட்டுக் கொடுத்தார். ஆறு வாரம் முடிஞ்சது, கண் முடியல. மறுபடி படிவம், மறுபடி கட்டம்.

என் கட்சி இதுதான். 'சரியாயிடும்' என்பது ஆறுதல் மாதிரி இருக்கு, ஆனா அது பேச்சை முடிக்கிற வார்த்தை. அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்? டீ ஊத்தினா டம்ளருக்கு வெளியே போகுது, டிராமைப் பிடிக்க ஓடினாலோ வெந்நீரில் குளிச்சாலோ பார்வை மங்கி, உடம்பு ஆறினதும் திரும்புதுன்னு எங்கே போய்ச் சொல்ல? (இதை 1890-லேயே உட்ஹாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வச்சிருக்கார். படிச்சப்ப தனியா இல்லைன்னு ஒரு நிம்மதி.) 'ஐயோ எம்.எஸ்.' என்பதும் அதே ஜாதிதான். ரெண்டு பேருமே தங்களோட பயத்துக்கு மருந்து போட்டுட்டுப் போயிடறாங்க.

நம்பிக்கை வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும். அம்மா சமயபுரத்தாளுக்குக் கண்மலர் சாத்தறதா வேண்டிக்கிட்டாங்க. எனக்குச் சாமி நம்பிக்கை கம்மி. ஆனா யோசிச்சுப் பார்த்தா, இத்தனை பேர்ல டாக்டர் மாதிரியே பேசினது அம்மா மட்டும்தான். என்ன ஆகும்னு தெரிஞ்சா எதுக்கு வேண்டிக்கணும்? தெரியாததால்தானே வேண்டுதல்.

உண்மையில் உதவினது என் ரூம்மேட். 'எந்தக் கண்ணு?'ன்னு கேட்டான். அன்னையிலிருந்து ரோட்டில் என் இடது பக்கமாவே நடக்கிறான். வேற ஒண்ணும் சொல்லல.

இப்போ பதினாலு வாரம். சார்ட்டில் கீழிருந்து மூணாவது வரி வரைக்கும் தெரியுது. செங்கல் இன்னும் குங்குமம் ஆகல.

ஒண்ணு பாக்கி இருக்கு. ஸ்கேனில் மூளையில் ரெண்டு வெள்ளைப் புள்ளி. அதே ஆய்வில் வந்தவங்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்திருக்காங்க. புள்ளி இல்லாதவங்களில் 25 சதவீதம் பேருக்கு எம்.எஸ். வந்தது, ஒரு புள்ளியாவது இருந்தவங்களில் 72 சதவீதம். இன்னைக்கு அன்றைவிட நல்ல மருந்துகள் இருக்கு. ஆனா நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. மூணு மாசமா வீடியோ காலில் 'எல்லாம் சரியாயிடும்மா'ன்னு சொல்லிட்டிருக்கேன். ஊருக்கு உபதேசம் பண்ற நானே!

இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடப் போறேன். 'சரியாயிடுமாடா?'ன்னு கேப்பாங்க. 'தெரியலம்மா'ன்னுதான் சொல்லணும்.

நீங்களும் இப்பவே ஒரு வேலை செய்யுங்க. ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் இந்த வரியைப் படிங்க, அப்புறம் மாத்திப் படிங்க. வித்தியாசம் தெரிஞ்சா, கண்ணை உருட்டும்போது வலிச்சா, என்னை மாதிரி மூணு நாள் உட்காராதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.