ஏரிக்கரை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் சிக்காகோ என்று ஒரு மாநகரம். சுமார் 27 லட்சம் மக்கள் அங்கே வசிக்கிறார்கள். நகரின் கிழக்கு வாசலில் ஓர் ஏரி இருக்கிறது. அதன் பெயர் மிச்சிகன்.

ஏரி என்றதும் ஊர்க் கோடியில் உள்ள ஏரியை நினைத்துக் கொள்ளக் கூடாது. இதன் நீளம் 300 மைலுக்கு மேல். பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியாது. அலை புரண்டு வரும். மணல் இருக்கிறது. உப்பு மட்டும்தான் இல்லை!

இந்த ஏரியை ஒட்டி, நகரத்துக்குள்ளேயே, 18 மைல் நீளத்துக்கு ஒரு நடைவழி செல்கிறது. ஒரு பக்கம் நீலத் தண்ணீர். மறு பக்கம் வானத்தை முட்டும் கட்டடங்கள். கூலி வேலை செய்பவரும் நடக்கிறார், கோடீஸ்வரரும் நடக்கிறார். கட்டணம் கிடையாது. சைக்கிள்காரர்கள் நடப்பவர்கள் மீது மோதாமல் இருக்க, 2018-ல் இருவருக்கும் தனித்தனிப் பாதை போட்டு முடித்தார்கள்.

இவ்வளவு விலை உயர்ந்த நிலம், நகரத்தின் நடுவிலே, எப்படிக் காலியாக நின்றது? ஏரியைக் கொடுத்தது இயற்கை. அதன் கரையில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது இயற்கை அல்ல. மனிதர்கள் கேட்டு வாங்கினார்கள். கோர்ட்டு ஏறி வாங்கினார்கள்.

வியாபாரி தொடுத்த வழக்கு

1836-ம் ஆண்டு நகரத்துக்கு வரைபடம் போட்டபோது, ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலத்தின் மேல் அதிகாரிகள் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள். அது பொது நிலம். என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும். கட்டடம் எதுவும் கட்டக் கூடாது என்பது அதன் பொருள்.

எழுதி வைத்தால் போதுமா? பத்திரம் பெட்டியில் இருக்கும். நிலம் பறி போய்விடும். இங்கும் அதுதான் நடக்க இருந்தது. 1871-ல் சிக்காகோவைப் பெருந்தீ அழித்தது. இடிந்த செங்கல்லையும் சாம்பலையும் ஏரி ஓரத்தில் கொட்டினார்கள். கொட்டக் கொட்டப் புது நிலம் உண்டாயிற்று. அதில் குப்பை சேர்ந்தது. கொட்டகைகள் முளைத்தன. ரயில் தண்டவாளம் வேறு குறுக்கே ஓடியது.

அந்தக் கரைக்கு எதிரே, மிச்சிகன் அவென்யூவில், ஆரன் மான்ட்கோமரி வார்டு என்ற வியாபாரி கடை வைத்திருந்தார். தபாலில் பட்டியல் அனுப்பிப் பொருள் விற்பது அவர் தொழில். 1872-ல் தொடங்கி, கிராமத்துக் குடியானவர்களுக்கெல்லாம் சாமான் அனுப்பிப் பெரும் பணக்காரர் ஆனவர். 1890-ல் அவர் நகர நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார். கரையைச் சுத்தம் செய், கட்டடம் கட்டாதே! இதுதான் வழக்கு.

அவருக்கு என்ன உரிமை? எதிரே இருந்த மனைகளை விற்றபோது, கரை திறந்தே இருக்கும் என்று வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். அந்த மனை இப்போது அவர் கையில். ஆகவே வாக்குறுதியும் அவர் கையில்! சட்டம் அவர் பக்கம் நின்றது.

ஊர் அவர் பக்கம் நிற்கவில்லை. கரையில் மியூசியம் வர வேண்டும், மண்டபம் வர வேண்டும் என்று பெரிய மனிதர்கள் விரும்பினார்கள். பத்திரிகைகள் அவரைத் தாறுமாறாகத் திட்டின. நல்ல காரியங்களுக்குக் குறுக்கே நிற்கிறவர் என்று பெயர் வாங்கினார். ஏழை மக்களுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு கரைதானே என்பது அவருடைய கட்சி. இருபது ஆண்டுகள் வழக்கு நடந்தது. மாநிலத்தின் உச்ச கோர்ட்டு நான்கு முறை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 1913-ல் அவர் காலமானார். கிராண்ட் பார்க் என்ற அந்தப் பூங்கா பிழைத்தது.

அங்கே தப்பி நின்ற பெரிய கட்டடம் ஒன்றுதான். கலைக்கூடம். 1893-ல் விவேகானந்தர் சர்வமதசபையில் பேசியது அந்தக் கட்டடத்திலேதான். சென்னை அன்பர்கள் பணம் திரட்டி அனுப்ப உதவிய சுவாமி அவர்.

கரை எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டதா? காகிதத்தில் ஆகிவிட்டது. தண்ணீரில் ஆகவில்லை. 1919 ஜூலை 27-ந் தேதி, நல்ல வெயில் நாள். யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயது நீக்ரோ இனச் சிறுவன் ஒரு மரக்கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதந்தான். கட்டுமரம் வெள்ளையர் குளிக்கும் பகுதிக்குள் தவழ்ந்து போய்விட்டது. கரையிலிருந்து ஒருவன் கல் எறிந்தான். சிறுவன் மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். நடைவழி இன்று அந்த இடத்தைத் தாண்டித்தான் செல்கிறது. பக்கத்தில் ஒரு பாறையில் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். மிச்சிகன் ஏரியின் அழகைப் பாடுகிறவர்கள் அங்கே சற்று நின்று போவது நல்லது.

சனிக்கிழமை நடை

கரை ஒரு கதை. காடு இன்னொரு கதை.

1908-ல் சிக்காகோவில் சிலர் ஒரு பழக்கம் தொடங்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறி நகரத்துக்கு வெளியே இறங்குவது. காட்டிலும் மணல்மேட்டிலும் கூட்டமாக நடப்பது. சாயங்காலம் வீடு திரும்புவது. அவ்வளவுதான்! முன்னின்றவர்களில் ஒருவர் ஜென்ஸ் ஜென்சன். டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்து, பூங்காவில் கூலியாளாகச் சேர்ந்து, பிறகு பூங்காக்களையே வகுக்கும் நிபுணராக உயர்ந்தவர்.

கண்ணால் கண்டவர்களுக்கு விட மனம் வருமா? நடந்தவர்கள் பேசினார்கள். காட்டை வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1914-ல் குக் மாவட்ட வாக்காளர்கள் சம்மதித்து ஓட்டுப் போட்டார்கள். இன்று அந்த வனக் காப்பகம் சுமார் 70 ஆயிரம் ஏக்கர். 350 மைலுக்கு மேல் பாதைகள். மான் வரும், நாரை வரும். அரை மணி தூரத்தில் நகரம் இரைந்துகொண்டிருக்கும்.

மணல்மேடுகளுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. ஏரியின் தென்கரையில், இந்தியானா மாநிலத்தில், காற்று குவித்த மணல் மலைகள் இருந்தன. அவற்றில் பெரியது 'ஹூசியர் ஸ்லைடு'. சுமார் 200 அடி உயரம். மக்கள் கூட்டம் கூட்டமாக ஏறி விளையாடிய மலை. ஆனால் அந்த மணல் கண்ணாடிக்கு உகந்த மணல்! ரயில் வண்டிகளில் வாரிக்கொண்டு போனார்கள். ஊறுகாய் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிகளாக அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1920-க்குள் மலை தீர்ந்துவிட்டது. அங்கே பின்னர் மின்சார நிலையம் எழுந்தது.

மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1952-ல் டோரதி பூயல் என்ற அம்மையார் ஒரு சங்கம் கூட்டினார். அப்போது அங்கே இரும்பு ஆலையும் துறைமுகமும் கட்டத் திட்டம் இருந்தது. செனட்டர் பால் டக்ளஸ் சட்டசபையில் போராடினார். முடிவில் பங்கு பிரித்தது போல ஆயிற்று. ஆலைக்கும் இடம் கிடைத்தது. 1966-ல் எஞ்சிய கரைக்குத் தேசியப் பாதுகாப்பும் கிடைத்தது. 2019-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. சிக்காகோவிலிருந்து ரயிலிலேயே போய் வரலாம். 2022 முதல் நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது நியாயமே. ஆனாலும் சிலருக்கு அது ஒரு தடைதான்.

மணல்மேட்டில் ஏறுகிறவர்கள் அறிவிப்புப் பலகையை மதிக்க வேண்டும். 2013-ல் அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன் மணல் துளைக்குள் விழுந்து மறைந்தான். மணலில் புதைந்த மரம் மக்கி, உள்ளே குழி விட்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தோண்டி உயிரோடு எடுத்தார்கள்!

ஒரு வாசகர் கடிதம்

சிக்காகோவுக்கு மேற்கே ஒரு மின்சார ரயில் ஓடியது. மோட்டார் கார் பெருகியதும் நஷ்டம் வந்தது. 1957-ல் பயணி வண்டிகள் நின்றன. தண்டவாளம் புல் மண்டிக் கிடந்தது. நிலத்தை யார் யாரோ கண் வைத்தார்கள்.

1963-ல் மே தீல்கார்டு வாட்ஸ் என்ற செடிகொடி ஆசிரியை, எழுபது வயது அம்மையார், சிக்காகோ டிரிப்யூன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் நடைவழி இருப்பதை நேரில் கண்டவர் அவர். இந்த ரயில் பாதையை நடப்பவர்களுக்குக் கொடுங்கள். காலம் கடந்தால் நிலம் துண்டு துண்டாகப் போய்விடும் என்று எச்சரித்தார். கடிதம் அச்சாயிற்று. ஜனங்கள் சேர்ந்தார்கள். தாங்களே களை பறித்தார்கள். இன்று 'பிரெய்ரி பாத்' என்ற பெயரில் சுமார் 60 மைல் பாதை இருக்கிறது. கைவிட்ட ரயில் பாதையை நடைவழியாக்குவதற்கு அமெரிக்காவில் முன்மாதிரியாக நின்றவற்றுள் இதுவும் ஒன்று. கடிதத்துக்கு ஆன செலவு ஒரு தபால் தலை!

நல்ல பாதையும் தொல்லை தருவது உண்டு. 2015-ல் நகரத்துக்குள் ஒரு பழைய சரக்கு ரயில் மேம்பாலத்தைப் பூச்செடி வைத்து நடைவழியாக மாற்றினார்கள். நீளம் 2.7 மைல். பார்க்க மனம் குளிரும். ஆனால் சுற்றிலும் வீட்டு விலை ஏறியது. வாடகை ஏறியது. பல காலம் அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. பல குடும்பம் வாழும் வீடுகளை இடித்து ஒரே குடும்பத்துக்கு மாளிகை கட்டுவதை 2021-ல் நகர சபை கட்டுப்படுத்தியது. பாதை போடும்போதே இந்த யோசனை வந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரை வழக்கும் ஓயவில்லை. சினிமா டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் கரையில் மியூசியம் கட்ட விரும்பினார். நல்ல மியூசியம்தான். பூங்கா நண்பர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2016-ல் அவர் திட்டத்தைக் கைவிட்டு வேறு ஊருக்குப் போனார். ஊரில் பாதிப் பேர் சங்கத்தைத் திட்டினார்கள். வார்டு பட்ட வசைதான்!

பதினெட்டு மைல் நடைவழி வடக்கே ஆர்ட்மோர் தெருவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உயர்ந்த அடுக்குமாடி வீடுகள் தண்ணீர் வரை வந்து நிற்கின்றன. அங்கே யாரும் முன்கூட்டி வழக்குப் போடவில்லை. நடப்பவர்கள் ஏரியை விட்டு விலகி, மோட்டார்கள் ஓடும் தெருவில் ஏறிப் போகிறார்கள்.