காலகேயர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியது யார்?

‘பாகுபலி’யின் இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கி 2025 அக்டோபர் 31-ல் மறுபடியும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பிரம்மாண்டம், வசூல் என்று பேச்சு ஓடியது. காலகேயர்களைப் பற்றிப் பெரிதாக யாரும் வாய் திறக்கவில்லை.

படத்தின் மகிழ்மதி நாட்டுக்கு வெளியிலிருந்து கொள்ளையடிக்க வரும் கூட்டம் அது. கரி பூசிய உடம்பு, சடைமுடி, கறைபடிந்த பற்கள். பார்த்த மாத்திரத்தில் கொல்லத் தகுந்தவர்கள் என்று தோன்ற வேண்டும், தோன்றுகிறது. மகாபாரதக் காலகேயர்கள் இப்படியா இருந்தார்கள்? வன பருவத்தில் அவர்கள் வாழ்ந்தது வானில் மிதக்கும் இரணியபுரத்தில். அருச்சுனன் அழித்தது ஒரு பொன்னகரத்தை. நமது வில்லிபுத்தூராரும் அந்த வதத்தை ஒரு சருக்கத்தில் பாடியிருக்கிறார். அசுரர்களுக்குக்கூட இதிகாசம் நகரம் கொடுத்தது. சினிமாதான் அவர்களை நாடோடிகளாக்கி ஊருக்கு வெளியே தள்ளியது.

அவர்களுக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்றொரு மொழியையே உருவாக்கினார். 750 சொற்கள், 40 இலக்கண விதிகள், அசாத்திய உழைப்பு. ஆனால் அந்த 750 சொற்களிலிருந்து படத்தில் நம் காதில் விழுவது மிரட்டலும் வசையும் போர்முழக்கமும்தான். ஒரு தாலாட்டு இல்லை, பசிக்கிறது என்று ஒரு பிள்ளை அழவில்லை. கிளிக்கிக்கு இணையதளமே வந்தது. நம் ஊர் ஓரத்தில் பாசிமணி கோக்கும் நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலியை நம்மில் எத்தனை பேர் பெயரளவிலாவது அறிவோம்?

‘கற்பனைதானே, இதில் என்ன இருக்கிறது’ என்பவர்கள் வரலாறு படிக்காதவர்கள். அலைகிற கூட்டமெல்லாம் திருட்டுக் கூட்டம் என்பதும் கற்பனைதான். அந்தக் கற்பனையை வெள்ளையர் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக்கினார்கள். 1911-ல் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதிக்காகவே கைரேகை வைத்தார்கள் மக்கள். காவல் நிலையத்தில் ஆஜரானார்கள். நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952-ல். சட்டம் போனது, பார்வை போகவில்லை. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 2022 டிசம்பர் வரை ஆனது.

2023 மார்ச் 30 அன்று சென்னையில் ஒரு திரையரங்கு வாசலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு நின்றது. உள்ளே விட மறுத்தார்கள். மற்றவர்கள் தட்டிக்கேட்ட பிறகே வழி கிடைத்தது. பிள்ளைகளின் வயதும் படத்தின் சான்றிதழும்தான் காரணம் என்றது நிர்வாகம். நான் நம்பவில்லை. நாடோடி என்றால் அழுக்கு, ஆபத்து என்று காலங்காலமாகத் திரை சொல்லிக்கொடுத்ததைத்தான் அந்த வாசல் ஒப்பித்தது.

அடுத்த சரித்திரக் கற்பனைப் படத்தை எழுதிக்கொண்டிருப்பவர்களே, கோட்டைக்கு வெளியே ஒரு கூட்டத்தை நிறுத்தினால் அதற்கு அடுப்பும் பிள்ளைகளும் கொடுங்கள். கொடுக்க மனமில்லாத படத்துக்குத் தணிக்கைக் குழு சான்றிதழ் தரக் கூடாது.