இணைப்பும் இருக்கையும்

2020 ஆகஸ்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சலீனாஸ் நகரில், உணவகம் ஒன்றின் வெளியே தரையில் அமர்ந்து மடிக்கணினியில் பாடம் படித்த இரு சிறுமிகளின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வீட்டில் போதிய இணைய வசதி இல்லாததால் உணவகத்தின் வைஃபையை நாடி வந்திருந்தனர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான பண்ணைத் தொழிலாளர்கள் பெருவாரியாக வாழும் ஊர் சலீனாஸ். சிலிக்கான் பள்ளத்தாக்கு அங்கிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது!

அந்தப் படம் எழுப்பிய அதிர்ச்சி வீண்போகவில்லை. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில், ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் மானியம் வழங்க 1,420 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2.3 கோடிக்கும் அதிகமான குடும்பங்கள் சேர்ந்தன. பணம் தீர்ந்தபோது அமெரிக்க நாடாளுமன்றம் மேற்கொண்டு நிதி ஒதுக்கவில்லை. 2024 ஜூன் முதல் நாளோடு திட்டம் முடிந்தது. எஞ்சியிருப்பது 1985-இல் தொடங்கிய 'லைஃப்லைன்' திட்டத்தின் 9.25 டாலர் சலுகை மட்டுமே. மொழித் தடை உள்ளோர் உள்ளிட்ட பிரிவினருக்குக் கணினிப் பயிற்சி அளிக்க ஒதுக்கிய 275 கோடி டாலர் திட்டத்தையும், இனப் பாகுபாடு என்று முத்திரை குத்தி 2025 மே மாதத்தில் அதிபர் டிரம்ப் முடக்கினார்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லத்தீன் வம்சாவளியினர் 6.21 கோடிப் பேர், மக்கள்தொகையில் 18.7 சதவீதம். ஆயினும், தொலைத்தொடர்புக் கொள்கையை வகுக்கும் ஐவர் கொண்ட கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திலிருந்து குளோரியா டிரிஸ்டானி 2001-இல் விலகிய பிறகு, 2023-இல் அன்னா கோமஸ் நியமிக்கப்படும் வரை, 22 ஆண்டுகள் அச்சமூகத்தவர் ஒருவர்கூட அங்கு இல்லை. ஓர் உறுப்பினர் வந்துவிட்டால் கட்டணம் குறைந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அவர் பதவியேற்ற மறு ஆண்டில்தானே மானியமும் நின்றது. நிதியின் சாவி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. ஆனால், கைப்பேசி ஒன்றையே நம்பி வீட்டுப்பாடமும் வேலை விண்ணப்பமும் செய்யும் குடும்பங்களின் நிலையை எடுத்துரைக்க விதிகள் எழுதப்படும் மேசையில் ஆள் வேண்டாமா?

நமக்கும் இது தொலைதூரச் செய்தியல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஊரக சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. ஆனால், டிராய் ஆங்கிலத்தில் வெளியிடும் கருத்துக்கேட்பு அறிக்கைகளைப் படித்துப் பதில் எழுதுபவர்களில் கிராமத்துச் சந்தாதாரர் எத்தனை பேர்?

அமெரிக்காவுக்கு வழி இல்லாமல் இல்லை. 'லைஃப்லைன்' சலுகைக்குப் பணம் தரும் பொதுச்சேவை நிதி செல்லும் என்று 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேய்ந்துவரும் தொலைபேசி வருவாயின் மீதே அந்த நிதிக்கான கட்டணம் விதிக்கப்படுகிறது. இணைய வருவாய்க்கும் அதை விரிவுபடுத்தி, நிறுத்திய மானியத்தை மீண்டும் தருவதற்கான சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.