உறைபனியில் கருகுவது பயிர் மட்டுமா?

ஊட்டி காய்கறி விலை ஏறும்போதெல்லாம் செஞ்சிச் சந்தையில் ஒரே சமாதானம்தான்: "மேலே பனி கொட்டுகிறது, நாங்கள் என்ன செய்ய?" பழி முழுவதும் பனியின் தலையில்! பனி வாய் திறந்து மறுக்காது, வசதிதான்.

ராஜகிரிப் பாறை வெயிலில் வேகும் ஊருக்கு ஊட்டிப் பனியைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள், தோழர்களே. கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில் குளிர் பள்ளத்தாக்கில் போய்த் தேங்குகிறது. இலையின் ஈரம் உறைகிறது. பொழுது விடிந்தால் உருளைக்கிழங்குத் தழையும் தேயிலைக் கொழுந்தும் வெந்ததுபோல் கருகிக் கிடக்கின்றன. கேரட்டும் கோஸும் ஓரளவு தாங்கும்.

அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளியையும் பனி விடுவதில்லை. மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடவேண்டும். புல்லின் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கவேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வந்து "ஆஹா, இயற்கையின் பச்சைக் கம்பளம்!" என்று வாய்பிளக்கும் கனவான்களே, இதில் இயற்கை எவ்வளவு? விடியற்குளிரில் விறைத்த கூலிக்காரனின் விரல் எவ்வளவு?

அந்த மலை முன்பே புல்வெளிதான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல். 1819இல் மலையேறிய கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன், ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் அவர்களிடம் நிலம் வாங்கினார். 1840களில் துரைமார்கள் தங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மலிவாகக் காய்கறி வேண்டுமென்று சந்தா கட்டித் தோட்டம் போட்டார்கள். அது தேறவில்லை. 1848இல் மக்ஐவர் வந்து அதையே பூங்காவாக்கினார். எருமை மேய்ந்தால் தரிசு. துரை நடந்தால் பூங்கா!

துரைமார் போய்விட்டார்கள். இன்று பனி விழுந்தால் யார் சாகிறார்கள்? மேட்டுப்பாளையம் மண்டிக்காரரா? விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவர், விளைந்ததைத் தன் மண்டிக்கே வரவழைத்துக் கமிஷனும் பிடித்துக்கொள்கிறார். சிறு விவசாயி கடனில் விழுகிறான். அவன் நமக்கு எதிரி அல்ல. ஆனால் அவனுக்காவது இழப்பீடு கேட்கக் கையில் ஒரு சிட்டா இருக்கிறது. களை எடுக்கவும் கொழுந்து பறிக்கவும் போனவளுக்கு? பயிர் கருகிய மறுநாளே வேலை இல்லை.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தபோது, சர்க்கார் அறிவித்தது என்ன? நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். நடவு ஆளுக்குப் போன கூலிநாட்களுக்கென்று தனியாக ஒரு காசு கிடையாது. நிலத்துக்கு நஷ்டம் உண்டு, கைக்கு நஷ்டம் இல்லையாம்!

ஆலைத் தோழர்களுக்கு ஒன்று தெரியும். வேலை கொடுக்க முடியாமல் லே-ஆஃப் செய்தால், ஓராண்டு வேலை பார்த்த தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் என்று 1953இல் சட்டம் வந்தது. 50 பேருக்குக் குறைந்த ஆலைக்கு அது கிடையாது என்பது வேறு கதை. பஞ்சு வராமல் தறி நின்றால் பாதிக் கூலி உண்டு. பனி விழுந்து காய்கறித் தோட்டம் நின்றால், வெள்ளம் வந்து வயல் நின்றால் ஏன் இல்லை?

பயிர்ச்சேதக் கணக்கெடுக்கும் படிவத்தில், ஹெக்டேர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "இழந்த கூலிநாள்" என்று இன்னொரு கட்டம் வேண்டும். உதகைக் கலெக்டர் ஆபீசிலும் செஞ்சித் தாலுகா ஆபீசிலும் இந்த ஒரே மனுவைக் கொடுப்போம்.