இரண்டு வித்தை, ஒரு பட்டம்

"பொண்ணு சைக்காலஜியும் கவுன்சலிங்கும் சேர்த்துப் படிக்கப் போறாளாம்மா" என்று என் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தம் தாயாரிடம் தெரிவித்தபோது, அந்த அம்மையார் வெற்றிலை மடிப்பதைக்கூட நிறுத்தாமல், "கவுன்சலிங்குக்குப் போனாத்தானேடா எந்தப் படிப்புன்னே தெரியும்? அதையே எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். அவருடைய சந்தேகத்தில் குற்றமொன்றும் இல்லை. பொறியியற் கல்லூரி இடங்களைத் தரவரிசைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் வருஷாந்தரச் சடங்குக்கு அந்தப் பெயரைச் சூட்டி ஒரு தலைமுறையாக வழங்கி வருகிற நாட்டிலே, துக்கத்தோடு வந்தமர்ந்த ஒருவருக்குப் பொறுமையாகச் செவிகொடுக்கும் வித்தைக்கும் அதுவே பெயர் என்று எப்படி விளக்குவது? 'ஆலோசனை' என்று சொன்னாலோ தொல்லை இன்னும் அதிகம். ஆலோசனை சொல்ல நம் தெருவில் என்றைக்காவது ஆளுக்குப் பஞ்சம் வந்ததுண்டா? இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்கிறார்கள். உபதேசம் செய்யாமல் உடனிருப்பது என்ற கருத்து அதில் தெளிவாக நிற்பதால், அச்சொல்லையே இங்கு கடன் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பெண் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எதைச் சேர்க்கை என்பது என்ற இடத்தில்தான் எனக்கும் பல சர்வகலாசாலைகளுக்கும் வேற்றுமை.

இவ்விரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை அல்ல. மனோதத்துவ சாஸ்திரம், வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் நகரத்தில் நிறுவிய பரிசோதனைச் சாலையில், ஒரு சமிக்ஞையை உணர்வதற்கும் அதற்கேற்ப விரல் அசைவதற்கும் இடையே கழியும் நேரத்தைக் கருவி வைத்து அளந்து பார்த்த காரியங்களோடு வளர்ந்தது. 1916-இல் கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் மனோதத்துவத் துறை தொடங்கியபோதும் பரிசோதனைக்கே அங்கு முதல் மரியாதை. உளவளத்துணைக்கோ இவ்வளவு கௌரவமான பூர்விகம் கிடையாது. ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் பாஸ்டன் நகரில், எந்த வேலைக்குப் போவதென்று தெரியாமல் தவித்த இளைஞர்களுக்காகத் திறந்த ஓர் அலுவலகத்தை அதன் தொட்டில்களுள் ஒன்றாகச் சொல்வார்கள்.

இந்த இரண்டையும் ஒரு மேஜையில் உட்கார வைத்தவர்களுள் கார்ல் ராஜர்ஸை நான் முதன்மையாகக் கருதுகிறேன். மனிதனுக்கு வழி சொல்லாதே, அவன் சொல்வதைக் கேள் என்பதே அவருடைய கோட்பாடு என்று நம் மாணவர்கள் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு அவர் எவ்விதம் வந்து சேர்ந்தார், வந்தபின் அதை எவ்விதம் சோதித்தார் என்பதை அவர்களிடம் யாரும் வற்புறுத்திக் கேட்பதில்லை. ஒஹையோ மாநிலச் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தபோது அவர், சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டியிருந்த அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு, தம்மிடம் வந்தவர்களோடு நடந்த சம்பாஷணை முழுவதையும் பதிவு செய்தார். 1942-இல் வெளிவந்த அவருடைய நூலில், ஒரே மனிதரோடு நடந்த எட்டுச் சந்திப்புகள் சொல்லுக்குச் சொல் அச்சாகியிருக்கின்றன. அதுவரை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்து, நடத்தியவருடைய ஞாபகத்தையும் அதைவிட அதிகமாக அவருடைய தற்பெருமையையும் நம்பியே வெளியுலகுக்குத் தெரிந்துவந்த ஒரு காரியம், அன்றைக்குத்தான் எவரும் எடுத்துப் பார்க்கத்தக்க சாட்சியமாயிற்று. வந்தவர் எத்தனை சொல் பேசினார், கேட்க வேண்டியவர் எத்தனை சொல் பேசினார் என்று அவருடைய மாணவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். தாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததாக மனப்பூர்வமாக நம்பியிருந்த ஒருவர், பாதி நேரத்துக்கு மேல் தம் குரலே ஒலிப்பதைத் தட்டில் கேட்க நேர்ந்தால், அதைவிடப் பெரிய குரு அவருக்கு வேறு யார்?

இங்கேதான் சேர்த்துப் படிப்பதன் பிரயோஜனம் விளங்குகிறது. நாம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நடந்ததன் நகல் அல்ல என்பதையும், முதலில் கொண்ட எண்ணத்துக்கு அனுகூலமான அடையாளங்களையே மனம் பொறுக்கி எடுக்கும் என்பதையும் மனோதத்துவம் கற்றுத் தருகிறது; அந்தப் பாடம் எதிரில் இருப்பவரைவிட நாற்காலியின் இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கே அதிகம் வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சதா சோர்வு, எதிலும் ஆசையின்மை, காரணமில்லாத கண்ணீர் என்று ஒரு பெண்மணி வந்து சொன்னால், அவருடைய குடும்பக் கதையைக் கேட்பதோடு தைராய்டுச் சுரப்பிக் குறைவும் அப்படியே தோற்றமளிக்கும் என்பதை நினைவில் வைத்து, அவரை வைத்தியரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். உடற்கூறும் நரம்பும் படிக்காமல், அன்பை மாத்திரம் மூலதனமாக வைத்து இந்தத் தொழிலுக்கு வருபவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

சரி, நம் பாடத்திட்டங்கள் எவ்விதம் சேர்க்கின்றன? புள்ளியியலுக்கு ஒரு தாள், உளவளத்துணைக் கோட்பாடுகளுக்கு ஒரு தாள் என்று சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்குவதுபோல் அடுக்கிவிட்டு, கடைசிப் பருவத்தில் சில நாள் ஓர் ஆஸ்பத்திரியையோ பள்ளிக்கூடத்தையோ பார்த்துவிட்டு வந்து நோட்டுப் புத்தகம் சமர்ப்பிக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் இத்தொழிலுக்குரிய சங்கம், தான் அங்கீகரிக்கும் பயிற்சியில் மாணவர் குறைந்தபட்சம் 100 மணி நேரம், அனுபவஸ்தர் ஒருவரின் மேற்பார்வையில், உண்மையாகவே துன்பத்தோடு வந்தவர்களோடு அமர்ந்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். உளவளத் துணையாளருக்கோ நெடுங்காலம் சட்டத்தில் இடமே இல்லாதிருந்து, 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில்தான் அவர்களுக்கும் ஒரு வரி கிடைத்தது. சட்டம் பதிவேட்டைத் தரும். காதைப் பழக்குவது வகுப்பறையின் வேலை.

அந்த வகுப்பறையின் பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புஸ்தகம் ஆங்கிலம், விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலம், பரீட்சையும் ஆங்கிலம். வந்து அமர்கிறவரோ, 'மனச்சோர்வு' என்ற மொழிபெயர்ப்புச் சொல்லைக்கூட உச்சரிப்பதில்லை. "நெஞ்சை அடைக்குது" என்பார், "தலை பாரமாவே இருக்கு" என்பார், "ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். இவை ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம், எது உடலைச் சொல்கிறது, எது உயிரையே வெறுத்துவிட்டதைச் சொல்கிறது என்று பிரித்தறிய எந்த அகராதியும் உதவாது. தமிழில் நடக்கும் சம்பாஷணைகளைப் பதிவு செய்து, பெயரும் ஊரும் நீக்கி, வகுப்பில் போட்டுக் கேட்டு விவாதிக்கும் வழக்கத்தை நம் துறைகள் மேற்கொள்ளுமானால், ராஜர்ஸின் படத்தைச் சுவரில் மாட்டுவதைக் காட்டிலும் அது அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

விண்ணப்பம் வாங்கப் போகுமிடமெல்லாம், எத்தனை மணி நேரம் மனிதரோடு அமரச் செய்வீர்கள், அதைக் கேட்டுத் திருத்துகிறவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு வரும்படி நண்பரின் மகளிடம் சொல்லியனுப்பினேன். இரண்டு இடங்களில் பாடத்திட்டத் தாளை நீட்டினார்களாம். மூன்றாவது இடத்தில் ஒரு பேராசிரியை அவளை உட்காரச் சொல்லி, "எதுக்கும்மா இதைக் கேக்கறே?" என்று வினவிவிட்டு, அவள் திக்கித் திணறிச் சொன்ன பதிலைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாராம். அங்கேதான் பணம் கட்டியிருக்கிறாள்.