செல்போனின் பெரிய சாவி யார் கையில்?

ஒருவர் கடைக்குப் போய், பணம் கொடுத்து ஒரு பீரோ வாங்குகிறார். "பீரோ உங்களுடையதுதான். ஆனால் அடித்தட்டின் சாவி எங்களிடமே இருக்கும். அதில் நாங்கள் வைத்த சாமானை நீங்கள் எடுக்கக் கூடாது" என்கிறார் கடைக்காரர். வாங்கியவர் சும்மா இருப்பாரா?

செல்போன் விஷயத்தில் மட்டும் பெரும்பாலோர் சும்மாதான் இருக்கிறார்கள். புதுப் போனைத் திறந்தால், யாரும் கேட்காத செயலிகள் பல அதில் உட்கார்ந்திருக்கின்றன. சிலவற்றை நீக்க முடிகிறது. சிலவற்றை அசைக்கவே முடிவதில்லை.

டெல்லியில் எழுந்த கேள்வி

2025-ம் ஆண்டின் கடைசியில் இந்த விஷயம் நாடு முழுவதும் பேசப்பட்டது. "சஞ்சார் சாத்தி" என்பது மத்திய அரசின் செயலி. காணாமல் போன போனை முடக்கவும், மோசடி அழைப்புகளைப் பற்றிப் புகார் செய்யவும் உதவுவது. புதிய போன்கள் எல்லாவற்றிலும் இதை முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை நவம்பர் 28-ந் தேதி உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. வேண்டாதவர்கள் நீக்கிவிடலாம் என்று மத்திய மந்திரி ஜோதிராதித்ய சிந்தியா விளக்கம் சொன்னார். டிசம்பர் 3-ந் தேதி கட்டாயம் வாபஸ் ஆயிற்று.

செயலி நல்லதா, கெட்டதா என்பதோடு அங்கே பேச்சு முடியவில்லை. போனில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்வது யார்? கம்பெனியா, அரசா, வாங்கியவரா? இதுதான் உண்மையான கேள்வி.

அந்த அதிகாரத்தைத் தாமே கையில் எடுத்துக்கொள்ளச் சிலர் ஒரு வழியை நாடுகிறார்கள். அதற்குப் போனை "ரூட்" செய்வது என்று பெயர்.

ரூட் என்றால் என்ன?

இந்தியாவில் பெரும்பாலான ஸ்மார்ட்போன்கள் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு, லினக்ஸ் என்ற அடிப்படையின் மேல் கட்டப்பட்டது. லினக்ஸுக்கு முன்னோடி யூனிக்ஸ். எதையும் படிக்கவும், மாற்றவும், அழிக்கவும் அதிகாரம் உள்ள தலைமைக் கணக்குக்கு யூனிக்ஸ் காலத்திலிருந்தே "ரூட்" என்றுதான் பெயர்.

ஆண்ட்ராய்டு போனை ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அறை. ஓர் அறையில் இருப்பவர் அடுத்த அறையை எட்டிப் பார்க்க முடியாது. எல்லா அறைகளையும் திறக்கும் பெரிய சாவி ஒன்று உண்டு. அது வீட்டுக்காரரிடம் தரப்படுவதில்லை. ரூட் செய்வது என்றால் அந்தச் சாவியைப் பெறுவது.

சாவி கிடைத்தால் லாபம் உண்டு. கம்பெனி திணித்த செயலிகளை அடியோடு நீக்கலாம். விளம்பரங்களைப் போன் முழுவதும் தடுக்கலாம். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பிரதி எடுத்து வைக்கலாம். கம்பெனி கைவிட்ட பழைய போனின் பூட்டைத் திறந்து, "லீனியேஜ் ஓஎஸ்" போன்ற வேறு மென்பொருளை ஏற்றிப் புத்துயிர் கொடுப்பவர்களும் உண்டு.

விலை என்ன?

முதலில், போன் கிளம்பும்போதே காவல் நிற்கும் "பூட்லோடர்" என்ற பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும்போது போனில் உள்ள படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் அழிந்துவிடும். வேலையின் நடுவே தவறான கோப்பை ஏற்றினால் போன் உயிரிழந்து போகலாம். அப்போது உத்தரவாதம் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது.

சாம்சங் போன்களில் "நாக்ஸ்" என்ற காவல் ஏற்பாடு இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மென்பொருள் புகுந்தால், உள்ளே ஒரு நுண்ணிய ஃபியூஸ் போய்விடும். அதை மாற்ற முடியாது. பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும், அந்தக் கம்பெனியின் பணம் செலுத்தும் வசதி வேலை செய்யாது.

அடுத்தது பணம். "இந்தப் போன் கம்பெனி கொடுத்த நிலையிலேயே இருக்கிறதா?" என்று வங்கிச் செயலிகள் விசாரிக்கின்றன. கூகுளின் "பிளே இன்டெக்ரிட்டி" என்ற சேவை பதில் சொல்கிறது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வங்கிச் செயலி கதவை மூடிவிடும். 2016-ல் யுபிஐ வந்த பிறகு, பல குடும்பங்களுக்கு மளிகைக் கடைப் பணம், மின்சாரக் கட்டணம் எல்லாம் போன் வழியாகத்தான் போகின்றன. விளம்பரத் தொல்லை தீர்ந்தது, ஆனால் பால்காரருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை என்றால் அது லாபமா?

வங்கிகள் பயப்படுவதற்கும் காரணம் உண்டு. சொந்தக்காரர் கையில் உள்ள சாவி, அவர் ஏமாந்த நேரத்தில் திருடன் கைக்கும் போகலாம். ரூட் அதிகாரம் பெற்ற ஒரு கெட்ட செயலி, மற்ற எல்லா அறைகளிலும் நுழைந்துவிடும்.

பூட்டை உடைக்காமல்

நல்ல வேளையாக, சாவி இல்லாமலே பாதிக் காரியம் ஆகும். "செட்டிங்ஸ்" பகுதியில், நீக்க முடியாத செயலிகள் பலவற்றை "டிசேபிள்" செய்து தூங்க வைக்கலாம். கேமரா, மைக், இருப்பிடம் இவற்றைப் பார்க்கும் அனுமதியைப் பறித்துவிடலாம். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற வசதி இருக்கிறது. விளம்பரங்களைத் தடுக்கும் சேவை ஒன்றின் முகவரியை அதில் எழுதினால் தொல்லை பெரிதும் குறையும்.

ஆகவே, யோசிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தப் போனில் என்ன இருக்கிறது? வீட்டின் பணமும், பிள்ளைகளின் படங்களும், முக்கியமான எண்களும் அந்த ஒரே போனில் இருந்தால், ரூட் பக்கம் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய போன் என்றால், வங்கிக் கணக்கைச் சேர்க்காமல் வைத்துக்கொண்டு, கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் முயன்று பார்க்கலாம். கெட்டால் நஷ்டம் சிறிது, தேறினால் லாபம் அறிவு.

சட்டம் என்ன செய்கிறது?

இதற்காக மக்கள் பூட்டை உடைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதையும் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337 கோடியே 76 லட்சம் அபராதம் விதித்தது. முன்கூட்டியே ஏற்றிய செயலிகளை மக்கள் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் செயலியை நீக்கும் உரிமை பற்றிய கட்டளையை ரத்து செய்துவிட்டது.

அபராதம் கஜானாவுக்குப் போகும். வேண்டாத செயலியோ போனிலேயே இருக்கும்.

பெரிய சாவி எல்லோருக்கும் தேவையில்லை. தம் வீட்டில் யார் இருக்கலாம் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் தேவை. அந்த உரிமை சட்டத்தில் கிடைத்துவிட்டால், பூட்டை உடைக்கும் கம்பியைத் தேடிப் போகிறவர்கள் குறைந்துவிடுவார்கள்.